பாங்கைக் கேட்டவர் சொல்லும் பதில்

வெள்ளிக்கிழமை. ஆட்சியாளர் முஆவியா பள்ளிவாசல் மேடையான மிம்பரில் அமர்ந்திருக்கிறார். தொழுகைக்கு அழைக்கும் முஅத்தின் பாங்கைத் தொடங்குகிறார். அவர் தக்பீர் சொல்லி நிறுத்தியதும் முஆவியாவும் தக்பீர் சொல்கிறார். இறைவன் ஒருவனே என்ற சாட்சிய வாசகம் வரும்போது அவர் முழு வாசகத்தையும் திருப்பிச் சொல்லவில்லை. ‘நானும்’ என்று மட்டும் சொல்கிறார். முஹம்மது இறைத்தூதர் என்ற சாட்சியத்துக்கும் அதே ‘நானும்’. பாங்கு முடிந்ததும் மக்கள் பக்கம் திரும்பி, நபிகள் நாயகம் இதே இருக்கையில் அமர்ந்து இப்படிப் பதில் சொன்னதைத் தாம் கேட்டதாக அறிவிக்கிறார். நேரில் கண்ட அபூ உமாமா பின் சஹ்ல் சொன்ன இந்தச் செய்தியை இமாம் புகாரி (810–870) தமது தொகுப்பின் ஜும்ஆ பகுதியில் வைத்திருக்கிறார்.

பாங்குக்குப் பதில் சொல்வது பற்றிய நபிமொழிகள் பல. அது எப்படி நடந்தது என்று கண்முன் காட்டும் செய்திகள் மிகச் சில. அதனால்தான் இந்தக் காட்சிக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு ஆட்சியாளர் மேடையிலிருந்து தம் செயலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வழக்கம் அப்போதே பழகிப் போயிருந்தால் விளக்கத்துக்கு வேலை இருந்திருக்காது.

பாங்கு பிறந்த கதை பெரும்பாலோர் அறிந்ததுதான். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் தொழுகைக்கு ஆட்களைத் திரட்ட வழி தேடினார்கள். கொம்பு ஊதலாமா, நாகூஸ் என்ற கட்டையைத் தட்டலாமா என்றெல்லாம் பேச்சு நடந்தது. அப்துல்லாஹ் பின் ஸைத் கண்ட கனவின்படி வாசகங்கள் அமைந்தன. குரல் வளம் கருதி அந்தப் பொறுப்பு பிலாலிடம் போனது. மினாரா என்று ஒன்றும் அப்போது கிடையாது. பள்ளிவாசலை ஒட்டியிருந்த வீடுகளில் உயரமானது பனூ நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவருடையது. அதன் கூரையில் ஏறி நின்றுதான் பிலால் சுப்ஹு பாங்கு சொல்வார் என்று அபூதாவூத் தொகுப்பில் அந்தப் பெண்ணே சொல்கிறார். ஒரு மனிதர், ஒரு கூரை, குரல் போய்ச் சேரும் தூரத்தில் ஓர் ஊர். கேட்பவர் கடமை பற்றிய முதல் கட்டளைகள் இந்தச் சூழலுக்குச் சொல்லப்பட்டவை. பிற்காலச் சட்ட அறிஞர்கள் சந்தித்த சிக்கல்களில் பாதி, இந்தச் சூழல் மாறியதால் வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கட்டளைகளில் மிகச் சுருக்கமானது அபூ ஸயீத் அல்குத்ரீ அறிவிப்பது. அழைப்பைக் கேட்டால் முஅத்தின் சொல்வதைப் போலவே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’, ‘ஹய்ய அலல் ஃபலாஹ்’ என்ற அழைப்புகளையும் கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் உமர் வழியாக முஸ்லிம் தொகுப்பில் வரும் நீண்ட அறிவிப்பு வரிவரியாகப் பதிலைத் தருகிறது. மற்ற எல்லா வரிக்கும் அதே வரி, இந்த இரண்டுக்கு மட்டும் ‘லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்’. இறைவனின் துணையின்றி அசையவும் ஆற்றல் இல்லை என்பது அதன் கருத்து. வா என்று கூப்பிடுகிறவரிடம் திருப்பி வா என்று சொல்வதில் பொருளில்லை, வருவதற்கான வலிமையைக் கேட்பதே பொருத்தம் என்று உரையாசிரியர்கள் காரணம் சொன்னார்கள்.

புகாரியில் இந்தப் பகுதி வந்து சேர்ந்திருக்கும் விதம் சுவையானது. முஆவியா செய்தியின் ஒரு வடிவத்தில், இரண்டாம் சாட்சியம் வரைதான் தமக்கு நேராகக் கிடைத்தது என்று சொல்லும் யஹ்யா என்ற அறிவிப்பாளர், ‘ஹய்ய’ வரிக்கு முஆவியா ‘லா ஹவ்ல’ சொன்னதாகத் தம் சகோதரர் ஒருவர் சொன்னார் என்று ஒரு துணுக்கைத் தனியே ஒட்டுகிறார். அந்தச் சகோதரர் பெயர் இல்லை. பெயரில்லாத அந்த இணைப்பை உமரின் அறிவிப்பு தாங்கிப் பிடித்தது. பெரும்பான்மை மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) உமரின் வழியையே எடுத்தன. பிற்கால ஹன்பலி அறிஞர் சிலர் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம் என்றார்கள்.

பதில் சொல்வது கட்டாயமா?

இதற்கு விடை தேடியவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று, ஓர் ஆட்டு இடையர். நபிகள் நாயகம் படையோடு செல்லும்போது விடியற்காலையில் காத்திருப்பார்கள். பாங்கு கேட்டால் அந்த ஊரைத் தாக்குவதில்லை. அப்படியொரு விடியலில் எங்கிருந்தோ தக்பீர் ஒலித்தது. அந்த மனிதர் இயல்பான நெறியில் நிற்கிறார் என்றார்கள் நபிகள் நாயகம். சாட்சிய வாசகம் கேட்டதும், நரகத்திலிருந்து அவர் தப்பிவிட்டார் என்றார்கள். போய்ப் பார்த்தால் வெள்ளாடு மேய்க்கும் ஒருவர். அனஸ் வழியாக முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியில் நபிகள் நாயகம் பாங்கின் வரிகளைத் திருப்பிச் சொன்னதாக இல்லை. பதில் சொல்வது கட்டாயமாக இருந்தால் முதலில் அதையல்லவா செய்திருப்பார்கள் என்று ஷாஃபிஈ, மாலிகீ அறிஞர்கள் கேட்டார்கள். சொல்லியிருக்கலாம், அறிவித்தவர் அதைக் குறிப்பிடாமல் விட்டிருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் மறுமொழி.

இதைவிட வலுவான சான்று இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. உமரின் ஆட்சியில் (634–644) மதீனாப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை எப்படி இருந்தது என்று ஸஃலபா பின் அபீ மாலிக் சொல்கிறார். உமர் வந்து மிம்பரில் உட்காருவார், முஅத்தின்கள் பாங்கு சொல்வார்கள், மக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பாங்கு முடிந்து உமர் எழுந்தால்தான் எல்லாரும் வாயை மூடுவார்கள். நபித்தோழர்கள் நிறைந்த சபை அது. கண்டிப்புக்குப் பேர்போன உமரின் கண்ணெதிரே பாங்கு நேரத்தில் பேச்சு நடந்திருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. கட்டாயம் என்ற வாதம் இந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனாலும் கட்டாயம் என்றவர்கள் இருந்தார்கள். ஹனஃபிகளும் ழாஹிரிகளும் அப்படிச் சொன்னதாக இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (1372–1449) தமது ஃபத்ஹுல் பாரியில் பதிவு செய்கிறார். ஹனஃபிகளுக்குள் இருந்த கிளை வாதம் இன்னும் ஆழமானது. ஷம்சுல் அஇம்மா அல்ஹல்வானீ என்ற புகாரா நாட்டு அறிஞர், நாவால் சொல்லும் பதில் விரும்பத்தக்கது மட்டுமே, காலால் சொல்லும் பதில்தான் கட்டாயம் என்றார். எழுந்து பள்ளிவாசலுக்கு நடப்பதுதான் உண்மையான பதில் என்பது அவர் நிலை. 17ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் ஹஸ்கஃபீ எழுதிய துர்ருல் முக்தார் இரண்டு கருத்துகளையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஹல்வானீயின் கருத்திலிருந்து ஒரு கிளைச் சட்டமும் அதில் வருகிறது. வீட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பவர் பாங்கு கேட்டால் ஓதுவதை நிறுத்திப் பதில் சொல்ல வேண்டும், பள்ளிவாசலுக்குள்ளேயே ஓதிக்கொண்டிருப்பவர் நிறுத்தத் தேவையில்லை. அவர்தான் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டாரே!

பாங்கு முடிந்தபின் சொல்ல வேண்டியது தனி வரலாறு. முதலில் நபியின் மீது ஸலவாத்து, பிறகு சுவர்க்கத்தில் ஒரே ஓர் அடியாருக்கென்று இருக்கும் ‘வஸீலா’ என்ற உயர்நிலையை நபிக்காக வேண்டுவது என்று அப்துல்லாஹ் பின் அம்ர் அறிவிப்பில் வரிசை இருக்கிறது. வேண்டும் வாசகம் ஜாபிர் பின் அப்துல்லாஹ் வழியாகப் புகாரியில் வருகிறது. நிறைவான இந்த அழைப்பின் இறைவனே என்று தொடங்கி வஸீலாவையும் சிறப்பையும் புகழுக்குரிய தலத்தையும் கேட்கும் சிறிய துஆ அது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மதரஸா பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பாங்கு துஆ இதைவிட நீளமானது. ‘வத்தரஜத்தர் ரஃபீஅ’ என்று ஒரு சொற்றொடர் நடுவில் வரும். மறுமையில் நபியின் பரிந்துரை கிடைக்க வேண்டும் என்ற வரியும், நீ வாக்குறுதி மீறமாட்டாய் என்ற வரியும் கடைசியில் வரும். கடைசியாகச் சொன்ன வரிக்கு பைஹகீயின் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. ‘தரஜத்தர் ரஃபீஅ’வுக்கு எந்த அறிவிப்பிலும் இடமில்லை என்று இப்னு ஹஜரும் அவர் மாணவர் சகாவீயும் 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். 1980களுக்குப் பிறகு தமிழகத்தில் பரவிய தவ்ஹீத் பிரச்சாரம் இந்தச் சொற்களைக் கேள்விக்குள்ளாக்கியபோது பல ஊர்களில் அது புதுக் குழப்பமாகப் பார்க்கப்பட்டது. கெய்ரோவின் ஹதீஸ் அறிஞர்களுக்கு அது ஐந்நூறு ஆண்டுப் பழைய செய்தி.

பாங்கைக் கேட்பவர் ஸலவாத்தைத் தமக்குள் சொல்வது ஒன்று. மினாராவிலிருந்து முஅத்தினே உரக்கச் சொல்வது வேறொன்று. இரண்டாவதற்குப் பிறந்த தேதியே உண்டு. கெய்ரோவில் முதலில் வெள்ளிக்கிழமை இரவு மட்டும் இருந்த இந்த வழக்கம், ஹிஜ்ரி 791இல் (1389) முஹ்தஸிப் நஜ்முத்தீன் அத்தன்பதீயின் உத்தரவால் மஃக்ரிப் தவிர்த்த மற்றப் பாங்குகளுக்கும் விரிந்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364–1442) எழுதுகிறார். முஹ்தஸிப் என்பவர் சந்தையில் எடையையும் அளவையும் கண்காணிக்கும் அதிகாரி. மக்ரீஸீ இதை ரசிக்கவில்லை என்பது அவர் எழுத்தில் நன்றாகவே தெரிகிறது. எனினும், கேட்பவர் மனத்துக்குள் சொல்லிவந்த பதிலின் ஒரு பகுதி அழைப்பின் பக்கம் தாவியதற்கு எழுத்தில் பதிவான எடுத்துக்காட்டு இது.

நகரங்கள் பெருகின, பள்ளிவாசல்கள் பெருகின, பாங்குகளும் பெருகின. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா வலீத் காலத்தில் மதீனாப் பள்ளிவாசல் திருத்திக் கட்டப்பட்டபோது நான்கு மூலையிலும் மினாராக்கள் எழுந்தன. டமாஸ்கஸின் உமய்யாப் பள்ளிவாசலில் முஅத்தின்கள் பலர் ஒன்றாகக் கூடிப் பாங்கு சொல்லும் மரபு வளர்ந்தது. ஒருவர் காதில் நாலைந்து பாங்குகள் முன்பின்னாக விழும்போது எதற்குப் பதில்? இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் (1181–1262) சொன்ன விடை: ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு, காரணம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுகிறது. ஆனால் முதலாவதற்குச் சொல்வது சிறந்தது. சுப்ஹுக்கும் ஜும்ஆவுக்கும் மட்டும் இரண்டு பாங்குகளும் சமம், ஏனென்றால் அவை இரண்டுமே மார்க்கத்தில் வகுக்கப்பட்டவை. துர்ருல் முக்தார் முதல் பாங்குக்குப் பதில் சொல்லச் சொல்கிறது.

இந்தச் சட்ட நுணுக்கங்கள் தமிழ்க் கரைக்கு வந்த வழி மலபார் வழி. பொன்னானியின் மக்தூம் குடும்பத்தைச் சேர்ந்த ஸைனுத்தீன் மலபாரீ 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முஈன், ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலாகக் கேரளத்திலிருந்து இந்தோனேசியா வரை பரவியது. போர்ச்சுக்கீசியருக்கு எதிரான துஹ்ஃபத்துல் முஜாஹிதீனை எழுதியவரும் இவரே. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம். உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். இரு சாராரின் நூல்களையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே பாங்கு எவ்வளவு வெவ்வேறாகக் கேட்கப்படுகிறது என்று தெரியும்.

ஃபத்ஹுல் முஈன் உளூ இல்லாதவரையும், குளிப்புக் கடமையானவரையும், மாதவிடாயில் இருக்கும் பெண்ணையும் பதில் சொல்லச் சொல்கிறது. பின்னிருவர் விஷயத்தில் சுப்கீ மாறுபட்டார் என்பதையும் போகிற போக்கில் குறித்துவிடுகிறது. ஹனஃபி துர்ருல் முக்தாரோ மாதவிடாய், பிள்ளைப்பேற்றுத் தீட்டு உள்ள பெண்களுக்குப் பதில் இல்லை என்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கும், பாடம் நடத்துபவருக்கும் படிப்பவருக்கும்கூட விலக்குத் தருகிறது. ஆக, கீழக்கரையில் ஷாஃபிஈ நூல் படித்த ஒரு பெண் மாதவிடாய் நாளிலும் முஅத்தினோடு சேர்ந்து வாசகங்களை முணுமுணுப்பார். ஹனஃபி நூல்படி நடக்கும் குடும்பத்தில் அவருடைய சம்பந்தி பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இருவரும் தத்தம் நூலுக்கு நேர்மையாகவே நடக்கிறார்கள்.

ஃபத்ஹுல் முஈனில் அடுத்து வருவது, இடத்தையும் நேரத்தையும் பற்றிய நுணுக்கம். ஒவ்வொரு வரியையும் முஅத்தின் சொல்லி முடித்த பிறகே கேட்பவர் சொல்ல வேண்டும். பாதியிலிருந்து கேட்டவர் கேட்காத முற்பாதிக்கும் சேர்த்துப் பதில் சொல்லலாம். ஓதுவதையும் திக்ரையும் துஆவையும் நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். இயற்கைக் கடனில் இருப்பவர் வெளியே வந்தபின் சொல்லிக்கொள்ளலாம். தொழுதுகொண்டிருப்பவரும் முடித்தபின், இடைவெளி நீளாவிட்டால், சொல்லலாம். பொருள் மாறும் அளவுக்கு முஅத்தின் உச்சரிப்பைக் கெடுத்தால் அந்தப் பாங்குக்குப் பதிலே இல்லை. எழுத்தைத் தின்று இழுத்து ராகம் போடும் மோதினார்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்!

நூல்களில் இல்லாமல் வழக்கில் வந்தவையும் உண்டு. பாங்கு காதில் விழுந்ததும் தமிழ் முஸ்லிம் பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள். கேட்பவர் செய்ய வேண்டியவை என்று நபிமொழிகள் சொல்லும் செயல்களில் முக்காடு இல்லை. அது மரியாதையிலிருந்து பிறந்த பழக்கம், அதைத் தப்பென்று சொன்னவர்களும் குறைவு. நபியின் பெயர் வரும்போது கட்டைவிரல் நகங்களை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம்தான் பெரிய சர்ச்சையானது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அறிவிப்புகள் நபியிடம் சென்று சேர்வதில்லை என்று சகாவீ எழுதினார். 19ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன், அதை விரும்பத்தக்கதாகச் சொன்ன ஹனஃபி நூல்களையும் ஆதாரம் உறுதியில்லை என்ற குறிப்பையும் சேர்த்தே பதிந்தார். பரேலியின் அஹ்மத் ரஸா கான் அதை ஆதரித்துத் தனி நூலே எழுதினார்.

இனி ஒலிபெருக்கி. பாங்குக்காக ஒலிபெருக்கி வைக்கப்பட்டதாகப் பதிவான மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல், 1936. பாங்கு ஒரு மைலுக்கு மேல் கேட்கும் என்று அப்போது பத்திரிகைச் செய்தி வந்தது. இந்தியாவில் உலமாக்கள் தொழுகைக்குள் ஒலிபெருக்கி கூடுமா என்று நீண்ட காலம் வாதாடினார்கள். முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றவர்கள் முதலில் மறுத்துப் பிறகு கருத்தை மாற்றிக்கொண்டதும் உண்டு. பாங்கு விஷயத்தில் எதிர்ப்பு அவ்வளவு நிற்கவில்லை. முஅத்தினின் குரல் தூரம் போவது பழைய காலத்திலேயே விரும்பப்பட்டதுதானே. ஆனால் கேட்பவரின் கணக்கு இங்கே மாறியது. குரல் எட்டும் தூரமே பதிலின் எல்லையாக இருந்தது போய், மின்சாரம் எட்டும் தூரம் எல்லையானது. அதே சிங்கப்பூர் 1970களில் சத்தக் குறைப்பு நடவடிக்கை வந்தபோது ஒலிபெருக்கிகளைப் பள்ளிவாசலின் உட்புறமாகத் திருப்பியது. வெளியே இருப்பவருக்கு வானொலியில் ஐந்து வேளையும் பாங்கு ஒலிபரப்பானது.

வானொலி வந்ததும், இருக்கும் ஊருக்கும் கேட்கும் பாங்குக்கும் உறவு அறுந்தது. ரமலானில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைத் தமிழகக் கடலோரத்தில் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொழும்பின் மஃக்ரிப் பாங்கைக் கேட்டு இங்கே நோன்பு திறக்க முடியாது, உள்ளூர்ப் பாங்குக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படியானால் காதில் விழும் அந்தப் பாங்குக்குப் பதில் உண்டா? சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் (இறப்பு 2001) எளிய அளவுகோல் வைத்தார். நேரடி ஒலிபரப்பானால் அங்கே ஒரு முஅத்தின் நிஜமாகவே அழைக்கிறார், பதில் சொல்லலாம். ஒலிப்பதிவானால் அழைப்பவர் யாரும் இல்லை, பதிலும் இல்லை. பதிவு செய்த பாங்கை ஒலிக்கவிட்டுப் பள்ளிவாசலில் வேலையை முடித்துக்கொள்வது செல்லாது என்று மக்காவின் ராபிதா அமைப்பைச் சேர்ந்த ஃபிக்ஹ் மன்றமும் 1986இல் முடிவு செய்தது. கைப்பேசிச் செயலி ஐந்து வேளையும் எழுப்பும் பாங்கு இந்த அளவுகோலின்படி வெறும் அலாரம்.

எகிப்தில் நடந்தது வேறு வகை. ஆயிரக்கணக்கான மினாராக்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகக் கூவுவதை நிறுத்த, ஒரே முஅத்தினின் குரலைக் கம்பியில்லா வழியில் எல்லாப் பள்ளிவாசலுக்கும் அனுப்பும் திட்டம் 2004இல் அறிவிக்கப்பட்டு 2010 ரமலானில் கெய்ரோவில் நடைமுறைக்கு வந்தது. முஅத்தின்களின் பிழைப்பு பற்றிய சண்டைதான் செய்திகளில் பெரிதாக வந்தது. சட்ட நூல்களின் பக்கம் நின்று பார்த்தால், இஸ்ஸுத்தீன் விடை சொன்ன பழைய கேள்வியே அங்கே எழ வழியில்லாமல் போனது.

2020 மார்ச்சில் குவைத்தில் முஅத்தின்கள் ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’ இடத்தில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சொன்னபோது அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. புதுமையாகத் தெரிந்த அதற்கு முன்மாதிரி உண்டு. சேறும் சகதியுமான ஒரு மழை நாளில் இப்னு அப்பாஸ் தம் முஅத்தினிடம் இதையே சொல்லச் சொன்னார். மக்கள் புருவம் உயர்த்தினார்கள். என்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார், உங்களைச் சேற்றில் நடக்கவைக்க நான் விரும்பவில்லை என்றார் அவர். அந்த வாசகத்துக்குக் கேட்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பிற்கால ஷாஃபிஈ அறிஞர்கள் யோசித்துவைத்திருந்தார்கள். அங்கும் ‘லா ஹவ்ல’தான். தமிழ்நாட்டில் ஊரடங்கு நாள்களில் பள்ளிவாசல் கதவு சாத்தியிருக்க, மோதினார் மட்டும் உள்ளே நின்று வழக்கமான பாங்கைச் சொன்னார். ஹல்வானீ கட்டாயம் என்று வைத்த காலின் பதிலுக்கு அப்போது வழி இல்லை. அவர் விருப்பத்துக்கு விட்ட நாவின் பதில் மட்டும் வீடுகளில் நடந்தது.